ரயில் ஓடாத பாலத்தில் அப்பாவோடு ஒரு காலை

பழைய ரயில் பாலங்களில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். முதலில் நான் ஆரம்பிக்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான பொகிப்ஸிக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இங்கே ஆற்றின் மேல் 212 அடி உயரத்தில் ஒரு பழைய ரயில் பாலம் நிற்கிறது. ஓய்வு நாட்களில் போய் நடப்பதும், காற்று வாங்கிவிட்டுத் திரும்புவதும் வழக்கம். அது என்ன பாலம் என்று எனக்குப் புரிந்தது போன அக்டோபரில் அப்பா வந்த பிறகுதான்.

அப்பா ரயில்வேயில் பிரிட்ஜ் கலாசியாக இருந்தவர். பாதி சர்வீஸ் பாம்பன் பாலத்தில். உப்புக்காற்றில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, இதுதான் வேலை. ஊர் சுற்றிக்காட்டப் போனால் கட்டடங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். இந்தப் பாலத்தை மட்டும் மேலே ஏறுவதற்கு முன்னால் கீழேயிருந்து பார்க்க வேண்டும் என்றார்.

ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவே, அதன் இரும்புக் கால்கள் வந்து இறங்குகின்றன. அப்படி ஒரு காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். “சுத்தியால ஒரு பக்கம் தட்டணும் தம்பி, மறுபக்கம் விரல வச்சிக்கிடணும். லூசா இருந்தா விரல்ல அதிரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்” என்றார். முப்பத்தைந்து வயதில்தான் அப்பாவின் வேலையைப் பற்றி அவர் வாயாலேயே முதன்முதலாகக் கேட்கிறேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், “நடுவுல இருக்கற வரிசை பின்னால வச்சது மாதிரி தெரியுது” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே போனதும் அங்கிருந்த தன்னார்வலரிடம் கேட்டேன். உண்மைதான்! 1888 கடைசியில் முதல் ரயில் போனபோது டிரஸ், அதாவது பாரத்தைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டம், இரண்டே வரிசை. அப்புறம் எஞ்சின்களின் எடை கூடிக்கொண்டே போக, 1906-07இல் ரால்ப் மோட்ஜெஸ்கி என்ற பொறியாளர் வடிவமைத்து நடுவில் மூன்றாவது வரிசையைச் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் போதாமல், பிற்பாடு இரண்டு தண்டவாளப் பாதைகளையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னினாற்போல நெருக்கிப் போட்டார்களாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரயில் ஏறக் கூடாது, பாரம் நடுவிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக. இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

பாலத்தின் நீளம் 6,768 அடி. நம் பாம்பன் பாலமும் ஏறத்தாழ இதே நீளம்தான். அம்மா கைப்பிடிக் கம்பி பக்கமே வராமல் நடுவிலேயே நடந்தார். அப்பாவோ நடு ஆற்றுக்கு வந்ததும் குனிந்து தண்ணீரைப் பார்த்து, “இது ஆறா? கடல் மாதிரி ஏத்தம் ஏறுதே” என்றார். அதுவும் சரிதான். ஹட்சனில் கடல் ஏற்றம் இங்கேயும் தாண்டி, வடக்கே டிராய் வரைக்கும் போகும்.

1994இல் வந்தவன்:

நீங்கள் சொல்கிற பாலத்தை நான் வேறு கோலத்தில் பார்த்திருக்கிறேன். நான் இங்கே வேலைக்கு வந்தபோது அது கருகிக் கிடந்தது. 1974 மே 8ஆம் தேதி மேல்தளத்து மரக்கட்டைகள் தீப்பிடித்ததோடு ரயில் நின்றுபோனது. பென்சில்வேனியா நிலக்கரியை வடகிழக்கே நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்குக் கொண்டுபோன பாதை அது. பழுதுபார்க்க ஆளில்லை, இடிக்கவும் பணமில்லை. 1984இல் ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது. என்னோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனால் சிலர் விடவில்லை. நடைபாதை ஆக்கியே தீருவோம் என்று சங்கம் வைத்து, 1998இல் பாலத்தைத் தங்கள் பேருக்கு வாங்கி, பத்து வருஷம் நிதி திரட்டினார்கள். 2009 அக்டோபர் 3, திறப்பு நாளன்று நானும் என் பெண்ணும் போயிருந்தோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எங்களுக்கு முன்னால் நடந்த ஒரு பாட்டி, சின்ன வயதில் இந்தப் பாலத்து ரயில் சத்தம் கேட்டுத்தான் தூங்குவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். முப்பத்தைந்து வருஷம் சும்மா நின்ற பாலம்! அன்றைக்கு எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மண்டபத்துப் பெண்:

பாம்பன் என்ற பேரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடக் காலத்தில் ராமேஸ்வரம் போகிற ரயில் அந்தப் பாலத்தில் ஊர்ந்து போகும்போது, ஜன்னலுக்கு வெளியே வெறும் கடல்தான் தெரியும். 1914இல் திறந்த பாலம், 1964 புயலையும் பார்த்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடவில்லை. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது, அது நல்ல விஷயம், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ரோட்டுப் பாலத்தில் பஸ் போகும்போது பழையது தனியாக நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதன் ஒரு பகுதியையாவது ஜனங்கள் நடக்க விடக் கூடாதா? அண்ணே, உங்கள் அப்பா இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

மீண்டும் நான்:

நேராக ஒன்றும் சொல்லவில்லை தங்கச்சி. ஆனால் பாலத்தின் நடுவில் நின்று, கூட வேலை பார்த்த ஒருவருக்கு வீடியோ கால் போடச் சொன்னார். இங்கே காலை பத்து, அங்கே இரவு ஏழரை. போனைக் கம்பிக்கு வெளியே நீட்டி, நான் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள, மூன்று வரிசை டிரஸ்ஸையும் ஒவ்வொன்றாகக் காட்ட முயன்றார். “பெயின்ட் அடிச்சு எத்தனை வருஷமாச்சோ தெரியல, ஆனா ஆளுங்க நடக்காங்க. சின்னப் புள்ள சைக்கிள் ஓட்டுதுய்யா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, கீழே மேற்குக் கரையோரமாக ஒரு சரக்கு ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு கரையிலும் இன்னும் ரயில் உண்டு, மேலேதான் இல்லை.

போனில் அந்தப் பக்கத்திலிருந்து, “அண்ணே, வண்டி சத்தம் கேக்குது, ஓரமா நில்லுங்க” என்றார் அவர். அப்பாவும் சட்டென்று ஓரமாக ஒதுங்கி நின்றார்.