வீட்டுக் கல்விப் பிள்ளைகளுக்கு வரலாறு: ஒரு புதுப்பிப்பு

வீட்டிலேயே படிக்கும் என் மகளுக்கும் (15) மகனுக்கும் (13) வரலாற்றுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று ஜூன் மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெளிநாட்டுப் பாடத்தொகுப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அதில் நம் ஊர் எங்குமே வரவில்லை. அக்கா மகன் படித்து வைத்திருந்த தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல், 2018 பதிப்பு, அதுதான் இப்போது அடிப்படை. மகனுக்குக் கொஞ்சம் கனம், நான் கூடவே உட்கார்ந்து வாசிக்கிறேன்.

"புத்தகத்தோடு நிறுத்தாதீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்க்கப் போனோம். வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவத்தில், ஒரே ஒரு எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்க மகன் அரை மணி நேரம் கல்லின் முன்னால் குந்தியிருந்தான். வீட்டுக்கு வந்ததும் புறநானூறு 95. தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசிக் கிடக்கின்றன, தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வது யாரை என்று மகளே கண்டுபிடித்தாள்.

அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். எங்கள் பதிப்பில் அது இருக்க வழியில்லை. பக்க ஓரத்தில் மகள் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்தது 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன கதை. அதைப் படிக்கும் முன் ராயக்கோட்டை மலை ஏறுகிறோம். பிள்ளைகளோடு யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள்.