காலியாக இருக்கும்போதுதான் ஆபத்து: மரச் சைலோவைக் கான்கிரீட்டில் பிடித்தவர்கள் வாங்க

திபால்_மாட்டுக்காரன்:
தீவனம், தானியம் கொட்டி வைக்கிற உயரமான மரத்தொட்டிதான் சைலோ, அது காலியாக நிற்கும்போது காற்று தூக்குவதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். அதிலிருந்து விடியற்காலையில் கூரைத் தகரம் சடசடத்தாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். பினாங்கு பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் மாமாவின் மாட்டுக் கொட்டகை. சைலோ எல்லாரும் அறிந்த மாடல்தான், நின்ற பலகை, சுற்றி இரும்பு வளையம், இரண்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம், ஒரு தோட்டத்தில் பழைய புகைவீட்டை உடைத்தபோது வாங்கிய பலகையில் கட்டியது. அடியில் வட்டச் சட்டம், அதை நாலு எல் போல்ட் கான்கிரீட்டோடு பிடித்திருந்தது. புண்ணாக்கு லோரி மறுநாள்தான் வரும், உள்ளே சுத்தமாகக் காலி.

சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று வீசுமே, அந்தச் சுமத்ரா காற்று இறங்கிவிட்டது. மாடுகள் விடாமல் கத்துகின்றனவே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். சைலோ அடியில் அடித்தால் வெளிச்சம் வெளியே நிற்காமல் உள்ளே போகிறது. சட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி, உள்தரையில் ஒட்டிக்கிடந்த புண்ணாக்குத் தூள் எனக்குத் தெரிகிறது! காற்று தணிந்ததும் தொம்மென்று உட்கார்ந்தது, அடுத்த வீச்சில் மறுபடி தூக்கியது. மாமா வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

விடிந்து பார்த்தால் போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் கான்கிரீட்டில் அப்படியே நிற்கின்றன. காற்றடித்த பக்கத்து இரண்டில் மரம் வாஷரைத் தாண்டி மேலே போயிருக்கிறது, சட்டத்தில் வாஷர் அளவுக்கு வட்ட ஓட்டை, படம் போட்டிருக்கிறேன். இப்போதைக்குக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இப்படி யாருக்காவது நடந்ததா?

கொத்துவேலை_பெருநிலம்:
உங்களுக்காவது போல்ட் நின்றது தம்பி. கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு நெல் சைலோவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், அங்கே போல்ட் கான்கிரீட்டையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. தளத்தின் ஓரத்திலிருந்து இரண்டு இஞ்சு தள்ளி ஓட்டை போட்டு, விரிகிற போல்ட்டை உள்ளே அடித்து முடுக்கியிருக்கிறார்கள். அந்த வகை போல்ட் உள்ளே விரிந்து பக்கவாட்டில் தள்ளித்தான் பிடிக்கும், ஓரத்தில் போட்டால் முடுக்கும்போதே விரிசல் விடும், காற்று வந்து மீதி வேலையை முடித்துவிடும். உடைந்த துண்டு ஒரு சோற்றுத் தட்டு அகலம் இருந்தது, போல்ட் அதன் நடுவிலேயே முடுக்கு குறையாமல் இருந்தது. எடுத்துக் காட்டினால் முதலாளி நம்பவில்லை, சிமெந்து மட்டம் என்று கலவை கொண்டுவந்தவனைத் திட்டுகிறார்.

என்னைக் கேட்டால் புதுத் தளம் என்றால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே எல் போல்ட்டை முறுக்குக் கம்பியோடு கட்டிவிட வேண்டும். பழைய தளம் என்றால் பசை போட்டு நடுகிற போல்ட்தான், அது பக்கவாட்டில் தள்ளாது, அதனால் ஓரத்துக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் ஓட்டைக்குள் இருக்கிற தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். இங்கே ஆட்கள் வாயால் ஒருமுறை ஊதிவிட்டுப் பசையை அமுக்குகிறார்கள். பசை தூசியைப் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டைப் பிடிக்காது. கையால் இழுத்தாலே வந்துவிடும், நான் இழுத்துக் காட்டியிருக்கிறேன். இன்னொன்று, தளம் ஊற்றி நாலு நாளில் துளை போடாதீர்கள், கான்கிரீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் கணக்கு.

கோப்பி_ஓ:
ஐந்து மீட்டர் சைலோவுக்கு இவ்வளவா? என் தாத்தா காலத்தில் கல்லின் மேல் தூக்கி வைத்ததுதான், பாரத்திலேயே நின்றது. காற்று தூக்கியதாம், டார்ச் வெளிச்சத்தில் என்ன வேண்டுமானாலும் தெரியும்லா.

திபால்_மாட்டுக்காரன்:
அண்ணே, சட்டத்தில் ஓட்டை பகலில் எடுத்த படத்திலும் இருக்கிறது. உங்கள் தாத்தா வைத்தது எத்தனை உயரம் என்று சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

கேஎல்_கணக்கு:
கோப்பி ஓ அண்ணனுக்காக ஒரு கணக்கு. அதற்கு முன்னால் என் கதை, சின்னதுதான். சுங்கை பூலோவில் ஒரு நாற்றுப் பண்ணை, உமி போட்டு வைக்க மரத்தொட்டி. மழைக்கு முன்னால் வந்த காற்றில் அது சாய்ந்து, அடியில் ஒரு விளிம்பில் மட்டும் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றதைச் சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். விழுந்தது. தொட்டி நிறைய உமி. அதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது, நிறைந்த தொட்டி எப்படி விழும் என்று அங்கே எல்லாரும் கேட்டார்கள். உமிக்குப் பாரம் எங்கே இருக்கிறது? நிறைந்தாலும் அது பாதி காலிதான்.

சரி, கணக்கு. நம் மலேசியாவின் காற்றுத் தரநூல் எம்எஸ் 1553, 2002இல் வந்தது, தீபகற்பத்துக்கு அது எடுத்துக்கொள்கிற அடிப்படை வேகம் நொடிக்கு 33 மீட்டரை ஒட்டியது. அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டரை 68 கிலோ அளவுக்கு அமுக்கும். இரண்டுக்கு ஐந்து மீட்டர் சைலோ காற்றுக்குக் காட்டும் முகம் 10 சதுர மீட்டர். உருண்டையாக இருப்பதால் காற்று வழுக்கிப் போகும், அதற்கு முக்கால் பங்கு போட்டால் 500 கிலோ. அது பாதி உயரத்தில், 2.5 மீட்டரில் தள்ளுகிறது, இரண்டையும் பெருக்கினால் கவிழ்க்கிற பலம் 1,250. எதிர்த்து நிற்பது சைலோவின் சொந்த எடை. ஒன்றரை இஞ்சு பலகை என்றால் சுவர் முழுக்க 850 கிலோ தேறும், அது நடுவிலிருந்து விளிம்புவரை 1 மீட்டர் தூரத்தில் வேலை செய்கிறது, பெருக்கினால் 850. இதில் கூரையைச் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் 1,250க்கு எட்டாது. மீதியை யார் பிடிப்பது? போல்ட்தான், அதுவும் காற்றடிக்கிற பக்கத்தில் இருக்கிற ஒன்றிரண்டு மட்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொரு போல்ட்டும் தனியாகத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். அதே சைலோவில் சோளம் கழுத்துவரை இருந்தால் 11 டன், அப்போது போல்ட்டே இல்லாவிட்டாலும் அசையாது. தாத்தா எப்போதும் நிரப்பியே வைத்திருந்திருப்பார்.

இதில் பாதுகாப்பு மிச்சம் எதுவும் சேர்க்கவில்லை. மேட்டில் நிற்கிற சைலோ, வயலுக்கு நடுவில் மறைவில்லாமல் நிற்கிற சைலோ என்றால் இன்னும் கூடும். நாலுக்குப் பதில் எட்டு போல்ட் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் கடையில் தருகிற பொத்தான் அளவு வாஷரை வீசிவிட்டு, ஆறு மில்லி கனத்தில் 75 மில்லி சதுரத் தகடு வெட்டிப் போடுங்கள். திபால் தம்பியின் படத்தில் பிரச்சினை அங்கேதான். நாலு போல்ட்டுமே போதாது, சின்ன வாஷர் அதை இன்னும் கெடுத்தது.

வெல்டிங்_அக்கா:
வாஷர் சின்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓட்டையைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. அது இற்றுப்போன சட்டம். நல்ல மரமாக இருந்திருந்தால் அந்தச் சின்ன வாஷரே இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும். புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் கடைக்கு வருகிற சைலோ வேலையில் பாதி இதுதான்.

ஒருமுறை கோழிப் பண்ணை ஒன்றில் நட்டை மட்டும் மாற்றித் தரச் சொன்னார்கள். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன், நட்டு கழலவில்லை, சட்டம் சுற்றிக்கொண்டு வருகிறது. விரலால் குத்தினேன், நகம் முழுக்க உள்ளே போய்விட்டது, உள்ளே ஈரம். வெளியே சாயம் பளபளவென்று இருக்கிறது! சாயம் பூசிய ஆள், போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் பூசவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் குடித்திருக்கிறது.

மரத்தை நேராகக் கான்கிரீட் மேல் உட்கார வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும், மேலிருந்து மழை வழியும், நடுவில் காயவே வழி இல்லை. நான் போடுவது துத்தநாகம் பூசிய இரும்புச் செருப்பு, அடித்தகடு கான்கிரீட்டில், அதன் மேல் இரண்டு காது, மரம் காதுக்கு நடுவில் தளத்தைத் தொடாமல் ஒரு இஞ்சு உயரத்தில் நிற்கும். போல்ட் குறுக்கே போகும், அதனால் மரம் மேலே பிய்த்துக்கொண்டு போக முடியாது. காற்று தூக்கினால் செருப்பையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். தளம் மண்ணைவிட ஆறு இஞ்சாவது உயரமாக இருக்கட்டும், வெளிப்பக்கம் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். கரையான் ஏறினாலும் இரும்பின் மேல் மண்கோடு போட்டுத்தான் ஏற வேண்டும், கண்ணில் பட்டுவிடும்.

கொத்துவேலை_பெருநிலம்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஒரு இஞ்சு இடைவெளி விட்டால் எலி குடித்தனம் வந்துவிடுமே. புண்ணாக்கு வாசனைக்கு எலி சும்மா இருக்குமா?

வெல்டிங்_அக்கா:
எலி வரும் அண்ணே, அதற்குப் பயந்து மரத்தைத் தண்ணீரில் வைப்பதா? கால் இஞ்சு கண் கம்பி வலையை உள்பக்கம் வளைத்து அடியுங்கள், முடிந்தது. கலவை வைத்து அடைக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், நீங்கள் அடைத்த இரண்டு சைலோவை நான்தான் பிரித்தேன்.

கொத்துவேலை_பெருநிலம்:
அது முதலாளி கேட்டது, என் யோசனை இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாத்தியார்:
தம்பிகள் போல்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், வளையத்தை யாரும் கேட்கவில்லை. நான் இளவயதில் விஸ்கான்சினில் படித்தேன். அங்கே பலகைச் சைலோக்கள் பண்ணைக்குப் பண்ணை இருந்தன, அமெரிக்காவில் நிமிர்ந்து நிற்கிற முதல் சைலோவைப் பக்கத்து மாநிலமான இலினாயில் 1873இல் ஃபிரெட் ஹாட்ச் என்பவர் மரத்தில் கட்டியதாகச் சொல்வார்கள். கோடைக்கடைசியில் ஒரு பண்ணையில் காலி சைலோ ஒன்றின் பக்கம் போனேன். பலகைகள் காய்ந்து சுருங்கி, வளையங்கள் எல்லாம் தொளதொளவென்று கீழே சரிந்து கிடக்கின்றன, பலகைக்கு நடுவில் அந்தப் பக்கத்து வானம் கோடு கோடாகத் தெரிகிறது. கிழவர் ஒருவர் ஏணியில் நின்று ஒவ்வொரு வளையத்தையும் முடுக்கிக்கொண்டிருந்தார். நான்கு பக்கமும் கம்பிவடம் இழுத்துத் தரையில் கட்டியிருந்தார்கள். அடியில் போல்ட் இருக்கிறதே, எதற்கு வடம் என்று கேட்டேன். போல்ட் பிடிப்பது கீழ்ச்சட்டத்தை, மேலே இருக்கிற பலகையை யார் பிடிப்பது என்றார்.

ஆக, கீழே எத்தனை தகடு போட்டாலும் வளையம் தளர்ந்தால் பலகை தனித்தனியாகச் சாயும். நம் ஊரில் அப்படி ஒரு வறட்சி இல்லை என்றாலும், ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் பினாங்கிலும் மரம் சுருங்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேப்பியர் புல்லை வெட்டிப் பச்சையாக அடைத்துப் புளிக்க வைக்கிறவர்கள், நிரப்பிய முதல் மூன்று வாரம் உள்ளே இறங்காதீர்கள். நைட்ரஜன் டைஆக்சைடு உண்டாகும், மஞ்சள் பழுப்பு நிறம், வெளுப்புத் திராவகம்போல் நெடி, காற்றைவிடக் கனமானது, அதனால் புல்லின் மேலேயும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். நெடி தெரியாவிட்டாலும் ஆபத்து இருக்கலாம், புளிக்கும்போது கரியமில வாயுவும் வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன கதைகள் உண்டு. கதவைத் திறந்து, ஊதுவிசிறியை நன்றாக ஓடவிட்டு, வெளியே ஒரு ஆளை நிறுத்தி...

திபால்_மாட்டுக்காரன்:
ஐயா, நான் வைப்பது காய்ந்த புண்ணாக்கு. ஆனால் வளையத்தைப் போய்ப் பார்த்தேன், மேலிருந்து இரண்டாவது வளையம் கையால் சுற்றுகிறது. நன்றி.

சுங்கை_பாக்காப்_லோரி:
எல்லாரும் காற்று காற்று என்கிறீர்கள். 2017 நவம்பர் 4 இரவு மழை யாருக்கும் ஞாபகம் இல்லையா? பினாங்குத் தீவில் வெள்ளம் என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், பெருநிலத்திலும் தண்ணீர்தான். நான் தீவனம் இறக்குகிற பண்ணையில் மரத்தரை போட்ட சின்னச் சைலோ, போல்ட்டே கிடையாது, காலி. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அது மிதந்தது. மிதந்துகொண்டே மெதுவாகத் திரும்பி, நான் தீவனம் இறக்குகிற சின்னக் கதவு வேலிப்பக்கம் போய் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நான் லோரியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய்த்தான் இறக்குகிறேன்.

கேஎல்_கணக்கு:
நடக்கும். தரையும் மரமாக இருந்து, பலகை ஊறி இறுகி ஒழுகாமல் இருந்தால், திபால் தம்பியின் 850 கிலோ சைலோவே 27 சென்டிமீட்டர் தண்ணீரில் மிதக்கும். முழங்கால்கூட வேண்டாம். அவருடையது கான்கிரீட் தரை, அதனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும், தப்பித்தார்.

கோப்பி_ஓ:
சரி, தாத்தாவுடையது மூன்று மீட்டர்தான். எப்போதும் நெல் இருக்கும். ஆனால் நட்டை ஒருமுறை முடுக்கினால் போதுமா, அதைச் சொல்லுங்கள்.

வெல்டிங்_அக்கா:
போதாது. புது மரம் காயக் காய மெலியும், நட்டு தானாகத் தளரும். கட்டி முடித்த சில வாரத்தில் ஒருதடவை, பிறகு மழைக்காலத்துக்கு முன்னால் ஒருதடவை. வாஷர் மரத்துக்குள் இறங்குகிற அளவுக்கு முடுக்காதீர்கள், நாரை நசுக்கிவிடும். திபால் தம்பி, 75 மில்லி சதுரத் தகடு கடையில் மீதி கிடக்கிறது, துளை போட்டே இருக்கிறது, எட்டும் தருகிறேன், காசு வேண்டாம். செருப்புக்கு மட்டும் சட்டத்தின் கனத்தை அளந்து அனுப்புங்கள், பலகைக்காரன் சொன்ன அளவை அனுப்பாதீர்கள், நீங்களே டேப் வைத்து அளங்கள்.

திபால்_மாட்டுக்காரன்:
நாளைக்குக் காலையில் அளந்து அனுப்புகிறேன் அக்கா. லோரி வந்துவிட்டது, இப்போது பாதி நிறைந்திருக்கிறது.