பத்திரிகை எத்தனை அடிக்கணும்?

கேள்வி: கல்யாணத்துக்கு 600 பேர் வருவாங்க. பத்திரிகை எத்தனை அடிக்கலாம்? மஞ்சள் எப்படித் தடவணும்?

பதில் 1: தலைக்கணக்கு வேண்டாம், வீட்டுக்கணக்கு போடுங்க. 600 பேர்னா சுமார் 200 வீடு; 250 அடிங்க. அப்புறம் குறையுதுன்னு 30 மட்டும் அடிச்சா ஒவ்வொண்ணும் ரொம்ப விலையாகும். கவர் 20 கூடுதலா வாங்குங்க, பேர் எழுதுறப்போ கெட்டுப்போகும்.

பதில் 2: மஞ்சளைக் கெட்டியாக் குழைச்சு, நாலு மூலையிலும் விரல் நுனியால லேசா வைங்க. தண்ணியா இருந்தா அட்டை நெளியும். ஈரத்தோட அடுக்கினா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும், பிரிக்கும்போது எழுத்து உரியும். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு.

பதில் 3: புரூஃப்ல (அச்சடிக்கிறதுக்கு முன்னாடி சரிபார்க்கத் தர்ற மாதிரி) தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூணையும் காலண்டரோட ஒப்பிடுங்க. இனிஷியல்தான் அதிகம் தப்பாகும். தாய்மாமன் பேர் விட்டுப்போனா மனஸ்தாபம்தான். ரெண்டு வீட்டாரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டபிறகே அச்சுக்குக் கொடுங்க.