தாது வருஷப் பஞ்சம்: ஒரே ஒரு தாலுகாவுக்கு மூல ஆவணம் எங்கே தேடுவது?

ஓமலூரான் கேட்டது:

1876–78 பஞ்சத்தை ஓமலூர் தாலுகா அளவில் மட்டும் ஆராய்ந்து எழுத உத்தேசம். நிவாரண வேலை எங்கெங்கே நடந்தது, கஞ்சித் தொட்டி எங்கே இருந்தது, எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள், இவைதான் கேள்விகள். இணையத்தில் இருக்கும் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எல்லாம் மாகாணக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பஞ்சம் பற்றி வில்லியம் டிக்பி எழுதிய இரண்டு தொகுதிகளும் கைவசம் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் என்னவென்று சொல்லிக் கேட்பது? 'தி இந்து' பழைய இதழ்களைப் புரட்டினால் பயன் உண்டா? பஞ்சக் கும்மிகளைச் சான்றாக வைக்கலாமா?

ரிக்கார்டு ரூம் எழுதியது:

'இந்து'வை விட்டுவிடுங்கள். அது தொடங்கியதே 1878 செப்டம்பர் 20ஆம் தேதி. சுதேசமித்திரன் 1882. நீங்கள் தேடும் 1877இல் இரண்டுமே கிடையாது. மெட்ராஸ் மெயில், மெட்ராஸ் டைம்ஸ் இருந்தன. டிக்பி அந்த டைம்ஸின் ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் கௌரவச் செயலாளரும் அவரே. அவர் புத்தகத்தில் அப்படியே அச்சிட்டிருக்கும் அரசுக் கடிதங்களை மூலமாகக் கொள்ளலாம். அவற்றுக்கு இடையே அவர் எழுதியதை ஒரு கட்சிக்காரரின் வாதமாகத்தான் படிக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதின என்பதற்கு, அரசு மொழிபெயர்ப்பாளர் தயாரித்த சுதேசப் பத்திரிகைச் சுருக்கங்களைப் பாருங்கள். ஆனால் அரசாங்கத்துக்கு எது முக்கியமோ அதுதான் அதில் ஏறியிருக்கும்.

எழும்பூரில் 'பஞ்சம் பற்றி ஏதாவது கொடுங்கள்' என்றால் ஒரு கட்டும் வராது. துறை, எண், தேதி மூன்றும் எழுதிய சீட்டுக்குத்தான் ஆவணம் வரும். ஆகவே பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். 1881இல் சென்னை அரசு அச்சிட்ட பஞ்ச மறுஆய்வு அறிக்கை, லெ ஃபானுவின் சேலம் மாவட்ட மேனுவல் (1883, இரண்டாம் தொகுதி தாலுகா வாரியாகப் போகும்), ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் அறிக்கை (1880), லண்டன் நாடாளுமன்றத்தில் வைத்த நீலப் புத்தகங்கள் (அரசு அறிக்கைத் தொகுப்புகள்), இவற்றை முதலில் வரிவரியாகப் படியுங்கள். அறிக்கையின் உரையைவிட ஓரக் குறிப்பும் அடிக்குறிப்பும் உங்களுக்கு முக்கியம். 'அரசாணை இன்ன எண், இன்ன தேதி' என்று கண்ணில் படுவதையெல்லாம் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். எழும்பூருக்குப் போகும்போது அந்த நோட்டுதான் சாவி.

அங்கே போனதும் அந்தந்த ஆண்டுக்கான அட்டவணைத் தொகுதிகளைக் கேளுங்கள். 'ஃபேமின்' என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 'டிஸ்ட்ரெஸ்' (துயர்), 'ஸ்கேர்சிட்டி' (தட்டுப்பாடு), 'சீசன்' (பருவம்), 'ரிலீஃப்' (நிவாரணம்), 'ரெமிஷன்' (தள்ளுபடி), 'அட்வான்சஸ்' (முன்பணம்) என்று எல்லாவற்றின் கீழும் தேடுங்கள். அதிகாரிகள் ஆரம்பத்தில் பஞ்சம் என்று சொல்லத் தயங்கினார்கள். துறையும் ஒன்றல்ல. வரித் தள்ளுபடியும் கலெக்டர் கடிதங்களும் வருவாய்த் துறையில். சாலை, ஏரி வேலை என்றால் பொதுப்பணி. தானியக் கொள்ளையும் சந்தைக் கலகமும் நீதித்துறைக் கட்டுகளிலும் அந்த ஆண்டுக் காவல்துறை அறிக்கையிலும் இருக்கும்.

ஒரே கடிதம் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளிலும் அரசாணையிலும் வரும். இரண்டையும் பாருங்கள். கலெக்டர் இணைத்து அனுப்பிய தாலுகாப் பட்டியல் பெரும்பாலும் வாரிய நடவடிக்கையில் முழுசாக இருக்கும். அரசாணைக்குப் போகும்போது அதைச் சுருக்கி 'மாவட்டம் முழுவதும் இத்தனை' என்று ஒரே வரியாக்கியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியதே அந்தச் சுருக்கத்தில் காணாமல் போனதுதான்.

தாள் பொடியாகும் நிலையில் இருந்தால் கட்டைத் தரமாட்டார்கள். அதோடு கதை முடியவில்லை. அச்சிட்ட நடவடிக்கைகளின் இன்னொரு படி லண்டனுக்குப் போயிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'பி' (P) வரிசையில் தேடுங்கள். இந்திய அரசுக்கும் சென்னைக்கும் நடந்த கடிதச் சண்டை டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் கீழ் இருக்கிறது. 'அபிலேக் படல்' தளத்தில் தலைப்பைத் தேடிப் பார்த்துவிட்டே மேலே போகலாம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னது சரி. எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எல்லாரும் வழுக்குவது அங்கேதான்.

முதலில் ஆண்டு. ஜமாபந்தி அறிக்கையெல்லாம் பசலிக் கணக்கு, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டு. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஆக பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தாது வருஷமோ 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிகிறது. சாவு மிகுந்த 1877 கோடையும் அதன் பிறகான மாதங்களும் ஈஸ்வர வருஷத்தில் விழும். 'தாது வருஷ' என்ற சொல்லை மட்டும் வைத்து ஓலையிலும் பாட்டிலும் தேடினால் பாதி கைவிட்டுப் போகும்.

அடுத்து விலை. அரசிதழில் விலைப் பட்டியல் 'ரூபாய்க்கு இத்தனை சேர்' என்று இருக்கும். எண் இறங்கினால் விலை ஏறியது என்று பொருள். வரைபடத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு 'பஞ்சத்தில் விலை சரிந்தது' என்று எழுதியவர்கள் உண்டு. எந்தச் சேர் என்பதையும் பட்டியலின் தலைப்பில் பாருங்கள். இம்பீரியல் சேர் 80 தோலா, சென்னைச் சேர் 24 தோலா. மாற்றிப் போட்டால் விலை மூன்று மடங்குக்கு மேல் பிசகும். அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடப் போனால் 'கரிசைக்கு இத்தனை ரூபாய்' என்று வரும். ஒரு கரிசை 3,200 படி.

சாவுக் கணக்கு இன்னும் சிக்கல். பதிந்தவர்கள் கிராம அதிகாரிகள். பஞ்ச நேரத்தில் அந்தப் பதிவே பல இடத்தில் குலைந்தது. ஊரைவிட்டு நடந்து போய் வழியில் விழுந்தவன் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. பட்டினியால் மெலிந்து செத்தவர்கள் காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்ற பத்திகளில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கையில் 1877க்கான எண்ணைத் தனியாக எடுக்காதீர்கள். முந்தைய நாலைந்து ஆண்டுகளின் சராசரியோடு மாதவாரியாக வைத்துப் பாருங்கள். பிறப்புப் பத்தியையும் பாருங்கள். 1878இல் பிறப்பு எவ்வளவு விழுந்தது என்பது பஞ்சத்தின் ஆழத்தைச் சாவுப் பத்தியைவிட நம்பகமாகக் காட்டும்.

குடிக்கணக்கில் சேலம் மாவட்டம் 1871இல் 19,66,995. 1881இல் 15,99,595. வித்தியாசம் மூன்றரை லட்சத்துக்கு மேல். அதை அப்படியே 'பஞ்சச் சாவு' என்று எழுதக் கூடாது. இடம்பெயர்ந்தவர்களும் பிறக்காமல் போன குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். பஞ்சத்துக்கு முன் 1871–76இல் கூடியிருக்க வேண்டிய தொகையோ அதில் இல்லை. தாலுகா எண்ணை எடுக்கும் முன் இரண்டு கணக்கிலும் எல்லை ஒன்றுதானா என்று சரிபாருங்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாம் அடக்கம்.

நிவாரண வேலைக்கு வந்தோர் எண்ணிக்கை 1877 தொடக்கத்தில் இறங்குவதைப் பார்த்து மழை பெய்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஜனவரியில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து, ஆண் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று கூலியைக் குறைத்தார், சேர்க்கையையும் இறுக்கினார். சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதிய குறிப்புகளை அவசியம் படியுங்கள். அந்தக் காலாண்டின் எந்தப் பட்டியலாக இருந்தாலும் கூலி உத்தரவின் தேதியைப் பக்கத்தில் குறித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஓமலூரான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இதெல்லாம் அதிகாரிகளின் குரல். சாதாரணக் குடியானவன் பெயரோடு வரும் ஆவணம் ஏதாவது உண்டா? நிலத்தை விற்றவன், ஊரைவிட்டுப் போனவன்?

பழஞ்சுவடி எழுதியது:

உண்டு. யாரும் அதிகம் தொடாத இடம் பதிவுத்துறை. 1865 தொடக்கத்திலிருந்து பத்திரப் பதிவு நடக்கிறது. நிலம் சம்பந்தப்பட்ட பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகம் நிரந்தரமாக வைக்க வேண்டியது. கட்டணம் கட்டி யாரும் தேடல் போடலாம். 1876 முதல் 1879 வரை விற்பனை, அடமானம் இரண்டையும் மாதவாரியாக எடுத்துப் பாருங்கள். வாங்கியவன் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஊரில் பஞ்சம் யாருக்கு லாபம் என்பது தெரிந்துவிடும். இரண்டு தடங்கல்கள் உண்டு. கணினியில் வரும் வில்லங்கம் அவ்வளவு பின்னோக்கிப் போகாது, கையால்தான் புரட்ட வேண்டும். இன்றைய சார்பதிவாளர் அலுவலக எல்லையும் அன்றைய எல்லையும் வேறு; பழைய தொகுதிகள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று மாவட்டப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் ஏழையின் அரைக்காணி இதில் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஊரைவிட்டுப் போனவர்களில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பெயரோடு தேடாதீர்கள். அவர்கள் கங்காணி வழியாகப் போனவர்கள், கப்பல் ஒப்பந்தக் கூலிகள் அல்ல; ஆள்வாரிப் பட்டியல் கிடையாது. கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் வருகைத் தொகைகளும், கூலிகள் நடந்து போன வடக்குச் சாலை பற்றிய மருத்துவ அறிக்கைகளும்தான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் வேறு. நேட்டால் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் ஓமலூரை ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதால் மட்டும் ஏற்காதீர்கள். ஜில்லாவும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

சேலத்தில் லண்டன் மிஷன் நிலையம் இருந்தது. அந்தப் பாதிரிமார் கடிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) நூலகத்தில் உள்ளன. கஞ்சித் தொட்டியை நேரில் பார்த்தவர் எழுத்து வேண்டுமென்றால் அங்கே வாய்ப்பு அதிகம். நன்கொடை கேட்டு எழுதிய கடிதமா, உள்விவகாரக் கடிதமா என்று பிரித்துப் படியுங்கள்.

கும்மியைப் பற்றி: வைக்கலாம், ஆனால் எதற்குச் சான்று என்பதில் கவனம் வேண்டும். முகப்பில் அச்சான ஆண்டும் பாடிய காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தாலியை விற்றது, பிள்ளையை விட்டுப் போனது போன்ற அடிகள் எந்தப் பஞ்சப் பாட்டிலும் வரும். அவற்றை வைத்து ஓமலூரில் நடந்தது என்று எழுத முடியாது. பாட்டில் வரும் ஊர்ப் பெயர், என்ன கிழங்கு, எந்தக் கீரை தின்றார்கள், ரூபாய்க்கு எத்தனை படி என்பவை சோதிக்கக்கூடியவை. அந்த விலையை அதே மாத அரசிதழ் விலையோடு ஒட்டிப் பாருங்கள். ஒத்துப்போனால் பாடியவர் அருகில் இருந்திருக்கிறார் என்று வாதிடலாம். அச்சுப் பிரதிகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் தொடங்குங்கள். 'பஞ்சம்', 'கரிப்பு', 'கும்மி', 'சிந்து' என்று தனித்தனியாகத் தேடுங்கள்.

படம் சேர்க்கப் போகிறீர்களானால் ஒரு வார்த்தை. எலும்பும் தோலுமாய் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படங்கள் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்தவை. அவை இணையத்தில் வேறு பஞ்சங்களின் பெயரிலும் சுற்றுகின்றன. ஆட்களை உட்கார வைத்து எடுத்த படங்கள்; நூலகப் பதிவில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் சேலம் என்று தலைப்பிடாதீர்கள்.

ரிக்கார்டு ரூம் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. எழும்பூருக்குப் போகும் முன் நெறியாளர் கடிதம், அடையாள அட்டை, படி எடுக்கும் கட்டணம் பற்றி நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறும். எடுத்த ஒவ்வொரு படியின் மூலையிலும் துறை, எண், தேதி, பக்கம் நாலையும் அங்கேயே பென்சிலில் எழுதிவிடுங்கள். ஒரே நாளில் பத்து அரசாணை பார்த்தால் மறுநாள் எது எதன் பக்கம் என்று தெரியாது, எண் இல்லாத படியை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டவும் முடியாது.