கொலராடோ மலைப்பயணம்: அம்மாவுடன் செல்ல ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஜூலையில் டென்வரிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டு, எஸ்டெஸ் பார்க், கிராண்ட் லேக், லெட்வில், ஆஸ்பென் ஆகிய மலையூர்களை ஆறு நாட்களில் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களுடன் எழுபது வயதான என் அம்மாவும் வருகிறார்.

ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் ஊடே செல்லும் 48 மைல் நீள டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுவதாலும், அதில் ஏறத்தாழ 11 மைல் தூரம் மரங்களே வளராத உயரத்தில் இருப்பதாலும், 5,280 அடியிலுள்ள டென்வரிலிருந்து ஒரே நாளில் அங்கே செல்வது அம்மாவுக்கு மூச்சுத்திணறலைத் தருமோ என்று அஞ்சுகிறேன். முதலில் எஸ்டெஸ் பார்க்கில் எத்தனை இரவுகள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்வது நல்லது? மருத்துவரிடமும் கேட்கவிருக்கிறோம், ஆனாலும் பெற்றோரை அழைத்துச் சென்றவர்களின் அனுபவம் பெரிதும் உதவும்.

கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலையிலேயே உச்சியைக் கடந்துவிட எண்ணியுள்ளோம். மேலேறுவதற்கு மட்டுமான ஒருவழிச் சரளைப் பாதையாகிய ஓல்ட் ஃபால் ரிவர் சாலையில் சாதாரணக் காரை ஓட்டியவர்கள் யாரேனும் உண்டா? என் கணவர் ஆசைப்படுகிறார், எனக்குத்தான் துணிவில்லை. லெட்வில் 10,000 அடிக்கு மேல் இருப்பதால், அங்கே இரவு தங்காமல் இண்டிபெண்டன்ஸ் கணவாய் வழியாக ஆஸ்பெனுக்கு இறங்கிவிடலாமா என்பதையும் தெரிவித்தால், அறைகளை இந்த வாரமே பதிவு செய்துவிடுவேன்.