கொன்ட்ராக்டில ‘கொன்சல்டன்ட்’, வாசல்ல விரல் மெசின்: நான் ஆர்?

ஆரையம்பதிப் பொடியன்:
நான் கியூ.எஸ்., கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணக்குப் பாக்கிற ஆள். மருதமுனைப் பக்கம் வடிகான் கட்டுற ஒரு கம்பனியில ரெண்டாவது வருசம். மாதம் 160,000க்கு இன்வொய்ஸ் குடுக்கிறன், 5% வரி பிடிச்சு 152,000 வருது. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. கேட்டா, “நீங்கதானே கையெழுத்து வைச்ச” எண்டு கொன்ட்ராக்டைக் காட்டுறாங்க. ஆனா காலையில 8 மணிக்கு விரல் வைக்கோணும். லீவுக்கு போம் நிரப்போணும். லப்டொப் அவங்கட. வேற ஆக்களுக்கு எஸ்டிமேட் போட்டுக்குடுக்க ஏலாது. கார்த்திகை மழையில சைட் நிண்டப்பவும் ஒபிசில இருத்தி முழுக்காசும் தந்தாங்க.

கல்முனைக் கணக்கர்:
தம்பி, நீங்க ஊழியர் எண்டதுக்கு அந்த மழைக்காசு நல்ல சாட்சி. வேலை இல்லாத நாளுக்குக் கொன்சல்டன்டுக்கு ஆர் காசு குடுக்கிற? பேப்பர்ல எந்தப் பேர் இருந்தாலும் தொழில் திணைக்களம் வேலை நடந்த விதத்தைத்தான் பார்க்கும்.

கம்பனிக்கு இதில லாபம் இரிக்கி. ஈ.பி.எஃப் 12% 19,200, ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% 4,800. மாதம் 24,000 மிச்சம். பிந்திக் கட்டினா 50% வரைக்கும் மேலதிகக் கட்டணம் ஏறும், அது அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

உங்களுக்கும் கைக்காசு குறையும், அதையும் சொல்லிடுறன். ஊழியர் எண்டா உங்கட 8% 12,800, சம்பள வரி 600 போக 146,600தான் வரும். ஆனா கம்பனிட 24,000உம் உங்கட 12,800உம் சேர்ந்து ரெண்டு நிதியிலயும் மாதம் 36,800 சேரும்.

இப்ப மாதம் பிடிக்கிற 8,000 முடிவான வரி இல்லை. 2025/26இல வருசத்துக்கு வரி விலக்கு 18 லட்சம். உங்கட 19.2 லட்சத்தில மிஞ்சுற 1.2 லட்சத்துக்கு 6%, அதாவது வருசத்துக்கே 7,200தான் வரி. வருசத்துக்குப் பிடிச்சது 96,000. வரி பிடிச்ச சான்றிதழைக் கம்பனியிட்ட வாங்கி, நவம்பர் 30க்கு முதல் வரி ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைக் கேளுங்க.

கல்லடி வரைஞர்:
நானும் இன்வொய்ஸ்காரிதான், ஆனா உண்மையாவே. மூண்டு பேருக்குப் பிளான் கீறுறன், சொந்தக் கம்ப்யூட்டர், படத்துக்குத்தான் காசு. காய்ச்சல் எண்டா தங்கச்சி கீறிக் குடுப்பா, ஒருத்தரும் கேக்கிறல்ல. தம்பி, உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்ப விடுவாங்களா?

ஆரையம்பதிப் பொடியன்:
இல்லை அக்கா, மெசின்ல வைக்கிறது என்ட விரலெல்லோ. லீவு போம் எல்லாத்தையும் போட்டோ எடுத்திட்டன். வரவு ரிப்போட் எச்.ஆர் அக்காட்டக் கேட்டன். அவவும் இன்வொய்ஸ்தான் குடுக்கிறாவாம்.