அபார்ட்மெண்ட் அசோசியேஷன் தேர்தலில் நின்றவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

துரைப்பாக்கம் பி பிளாக்

போன பொதுக்குழுவில் பொருளாளர் பதவிக்கு நின்றேன், தோற்றேன். தோற்றதுகூடப் பரவாயில்லை. ஒரு காட்சி மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதைக் கொட்டத்தான் இந்த இழை.

சென்னை ஓஎம்ஆரில் பெரிய வளாகம், பாதித் தண்ணீர் லாரியில்தான் வரும். 2019 வறட்சியை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஏறிய லாரிச் செலவு, மழை நன்றாகப் பெய்த வருடங்களிலும் இறங்கவே இல்லை. செக்யூரிட்டி வண்டி நம்பரும் நேரமும் எழுதும் நோட்டு கேட்டில் உண்டு. அந்த நோட்டையும் மாதக் கணக்கில் காட்டும் லோடு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். யார் மேலும் பழி போடவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சு என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் நிற்பது என்று முடிவு செய்தேன்.

வீடு வீடாகப் போய்ப் பேசினேன். நாலாவது மாடியில் ஒரு மாமி, தனியாக இருப்பவர், கையைப் பிடித்துக்கொண்டு "ஒனக்குத்தாண்டி என் ஓட்டு. தண்ணிக்குக் கணக்குக் கேக்க ஒருத்தராவது வேணுமோன்னோ" என்றார்.

கிளப் ஹவுஸில் கூட்டம். வந்திருந்தவர்கள் சீட்டை எண்ணியபோது நான் முன்னால் இருந்தேன். அப்புறம் செக்ரட்டரி ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து ப்ராக்ஸி தாள்களை, வர முடியாத உரிமையாளர்கள் தங்கள் ஓட்டை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் தாள்களை, ஒவ்வொன்றாக எடுத்து வீட்டு எண்ணோடு வாசித்தார். எல்லாம் எதிர்ப்பக்கம். நடுவில் மாமியின் வீட்டு எண்ணும் வந்தது. வீடு அமெரிக்காவில் இருக்கும் மகன் பேரில் இருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமி என் பக்கம் திரும்பி, "அவன் எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார். அங்கே தினமும் லாரித் தண்ணீரில் குளிப்பது அவர். ஓட்டு எங்கேயோ இருக்கும் மகனுக்கு.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

சரவணம்பட்டி

நடந்தது, வேறு மாதிரி. கோவையில் எங்கள் அபார்ட்மெண்டை பில்டரிடமிருந்து வாங்கிக்கொண்ட நாளிலிருந்து ஓடியாடியது நான்தான். மொட்டை மாடிச் சுவர் விரிசல் விட்டு ஒழுகியபோது, ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி எழுதி வேலையை முடிக்க வைத்தேன். அதனால் தலைவர் பதவிக்கு மனு கொடுத்தேன். தேர்தல் அலுவலராக இருந்தவர் எங்கள் வளாகத்துப் பெரியவர், நல்ல மனிதர். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "பத்திரத்துல உங்க பேர் இல்லீங்களே" என்றார். வீடு என் மனைவி பேரில். பத்திரப் பதிவன்று பெண்கள் பேரில் வாங்குவது நல்லது என்று செய்தது.

ஹாலில் ஒரே சலசலப்பு, விதிவிலக்குக் கொடுங்கள் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து, "அப்ப எம்பேர எழுதிக்கோங்க, நான் நிக்கறனுங்க" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்தார்.

என்னை உறுத்துவது இனிமேல்தான். இன்றைக்கும் மோட்டார் ஓடவில்லை என்றால் ஃபோன் எனக்கு வருகிறது. "மேடத்துகிட்ட சொல்லிடுங்க சார்." கழிவுநீர்ச் சுத்திகரிப்பு (எஸ்டிபி) ஒப்பந்தக்காரர் எதிரே என் மனைவி உட்கார்ந்திருக்கும்போதே என் முகத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். கொட்டேஷனை வரி வரியாகப் படித்து ப்ளோயர் மாற்றும் செலவை இரண்டு தடவை போட்டிருப்பதைக் கண்டுபிடித்தது அவர். இப்போதெல்லாம் அப்படி ஃபோன் வந்தால் ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு அந்த அறையை விட்டே வெளியே போய்விடுகிறேன்.

முன்னாள் செயலாளர், அண்ணா நகர்

துரைப்பாக்கம் சகோதரி கோபித்துக்கொள்ள வேண்டாம். ப்ராக்ஸி வாங்குவது மோசடி கிடையாது. உங்கள் பைலா, அதாவது சங்கத்து விதிமுறை, அனுமதிக்கிறது என்றால் அவர்கள் வாங்கினார்கள், நீங்களும் வாங்கியிருக்கலாம். மகன்தான் சொத்துக்காரர், அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் உரிமை.

என் அனுபவம் சுருக்கம்தான். ஸ்டில்ட் பார்க்கிங்கை, அதாவது கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் வண்டி நிறுத்தும் இடத்தை, பில்டர் சிலருக்குத் தனியாக விற்றிருந்தார். 2010-ல் உச்ச நீதிமன்றம் அப்படித் தனியாக விற்க முடியாது என்று சொன்ன தீர்ப்பை ஹாலில் நின்று வாசித்தேன். காசு கொடுத்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் எழுந்து நின்றார்கள், ஒருவர் ரசீதை என் முகத்துக்கு நேரே நீட்டி "இதுக்கு யார் பதில் சொல்வா?" என்றார். அந்த வருடம் தோற்றேன், அடுத்த முறை ஜெயித்தேன்.

அதைவிட முக்கியமாக, நிற்கப் போகிறவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். முதலில் உறுப்பினர் பதிவேட்டின் நகல் கேளுங்கள். வீடு கைமாறி வருடக்கணக்காகியும் பழைய உரிமையாளர் பெயரே இருக்கும், தேர்தலன்று அதில்தான் தகராறு வரும். கூட்டாக இரண்டு பேர் பெயரில் வீடு இருந்தால் யார் ஓட்டுப் போடுவது என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். மெயின்டெனன்ஸ் பாக்கி இருந்தால் மனுவைத் தள்ள ஒரு காரணம் கிடைக்கும், மனுக் கொடுப்பதற்கு முன்னால் கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள். உங்கள் சங்கம் 1975-ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்தது என்றால் நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தலே நடத்தாமல் நாற்காலியில் தொடர முடியாது. குழு மாறியதைப் படிவம் 7-ல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜெயித்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள், இந்தப் படிவத்தை மறந்துவிடுவார்கள், அப்புறம் பேங்கில் கையெழுத்து மாற்றப் போகும்போது வங்கி மேலாளர் திருப்பி அனுப்புவார்.

பிரச்சாரத்தில் ஜிஎஸ்டியை எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மெயின்டெனன்ஸ் மாதம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போய், சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் வரும். 7,500-க்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. உங்கள் ஆடிட்டரிடம் இதைக் காட்டிப் பேசிவிட்டு அப்புறம் மேடையில் பேசுங்கள். கார்ப்பஸ் என்கிற சங்கத்தின் சேமிப்புத் தொகையைத் தொட மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள், லிஃப்ட் மாற்றும் காலம் வரும்போது தொட்டுத்தான் ஆக வேண்டும். முடிந்தால் தேர்தல் அலுவலரை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள்.

சரவணம்பட்டி

அய்யா, நீங்கள் சொன்ன 2010 தீர்ப்பு மகாராஷ்டிரா அடுக்குமாடிச் சட்டத்தை வைத்து வந்த வழக்கு. ஊருக்கு ஊர் சட்டம் வேறு. அதை அப்படியே வாசித்தால் ரசீது வைத்திருப்பவர் கோபப்படத்தான் செய்வார்.

முன்னாள் செயலாளர், அண்ணா நகர்

மகாராஷ்டிராச் சட்டம்தான், மறுக்கவில்லை. பொது இடத்தை பில்டர் கூறு போட்டு விற்கலாமா என்கிற கேள்வி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இதை இங்கே வளர்க்க வேண்டாம்.

துரைப்பாக்கம் பி பிளாக்

சார், நீங்களும் வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். யாரிடம் வாங்குவது? வெளிநாட்டில் இருப்பவர்களின் மெயில் ஐடி பட்டியல் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பதவியில் இருப்பவர்கள் அதிலிருந்து மெயில் அனுப்பினார்கள். நான் கேட்டபோது தனிப்பட்ட தகவல், தர முடியாது என்றார்கள். ப்ராக்ஸி தாளிலேயே யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்ற இடத்தில் செக்ரட்டரி பெயர் அச்சடித்து வந்திருந்தது. அந்த மகன் வேலை நடுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார், அவரைக் குறை சொல்லவே இல்லை. அவர் அம்மா நினைப்பதை அவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லாத மாதிரி அந்தத் தாள் இருந்தது. என் கோபம் அந்தத் தாள் மேல்தான்.

மடிப்பாக்கம், எட்டு வீடு

பெரிய வளாகக் கதைகளுக்கு நடுவில் எங்கள் சின்னக் கதை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். செக்ரட்டரி வேலை என்றாலே எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், அதனால் என் அப்பாதான் ரிட்டயர் ஆனதிலிருந்து பார்த்தார். யாராவது மாதப் பணம் தராவிட்டால் தன் பென்ஷனிலிருந்து இ.பி. கட்டிவிட்டு டைரியில் எழுதி வைப்பார். பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் என்று ஆனபோது எல்லோரும் புலம்பினார்கள். 2023-ல் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள் இல்லையா, அதை வாங்கித் தர மின்வாரிய அலுவலகத்துக்கு வெயிலில் அலைந்தது அப்பா மட்டும்தான்.

அப்புறம் இடித்துக் கட்ட ஒரு பில்டர் வந்தார். 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று ஆனதும் தெரு முழுக்க இதே பேச்சு. உடனே யாருக்கும் வேண்டாத செக்ரட்டரி பதவிக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள். அப்பாவும் நின்றார். அவர் கேட்டது ஒன்றுதான், யாருக்கு எவ்வளவு யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, என்று பத்திரங்களை எல்லோர் முன்னாலும் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பில்டரிடம் பேசலாம். கீழ் வீட்டுக்கு மேல் வீட்டைவிட யூடிஎஸ் அதிகம், அது வெளியே வருவது சிலருக்குப் பிடிக்கவில்லை.

மொட்டை மாடியில், துணி காயப் போடும் கொடிக்குக் கீழே நின்று கை தூக்கினார்கள். அப்பாவுக்கு எங்கள் வீட்டையும் சேர்த்து இரண்டு கை. அவர் டைரியில் யார் பேருக்கு நேராக அதிகம் பாக்கி எழுதியிருந்ததோ அவரும் தூக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் சம்ப் மூடிச் சாவி, மோட்டார் ரூம் சாவி, இ.பி. அட்டை எல்லாம் எடுத்து அங்கேயே புதிய செக்ரட்டரியிடம் கொடுத்தார். பாக்கியைக் கேளுங்கள் என்று நான் இன்னும் சண்டை போடுகிறேன், கேட்க மாட்டேன் என்கிறார்.

முன்னாள் செயலாளர், அண்ணா நகர்

மடிப்பாக்கம் அம்மா, அப்பாவின் டைரியைப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள். பில்டரோடு ஒப்பந்தம் போடும் முன் வக்கீலைப் பாருங்கள், வாடகைப் பணம், கட்டி முடிக்கும் கெடு, தாமதமானால் அபராதம், பவர் ஆஃப் அட்டர்னியில் என்னென்ன அதிகாரம் எல்லாம் தனித்தனியாக எழுத்தில் வர வேண்டும். பவரைச் சங்கத்தின் பெயரால் ஒருவர் கொடுக்க முடியாது, ஒவ்வொரு உரிமையாளரும்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மடிப்பாக்கம், எட்டு வீடு

நன்றி சார். வக்கீலைப் பார்த்துவிட்டோம். நான் எழுதியது அதற்காக இல்லை. ஆறு வீட்டுக்காரர்கள் கை தூக்காமல் நின்றது அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதற்காக எழுதினேன்.

சிங்கப்பூரிலிருந்து

இங்கே கொண்டோவில், அதாவது அடுக்குமாடி வளாகத்தில், நிர்வாகக் கவுன்சிலுக்கு நின்று இருக்கிறேன். துரைப்பாக்கம் சொன்ன ப்ராக்ஸிப் பிரச்சினை இங்கேயும் இருந்தது, ஒரே ஆள் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு வருவார். 2019-ல் திருத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தது, ஒருவர் மொத்த வீடுகளில் 2 சதவீதம் அல்லது இரண்டு வீடு, எது அதிகமோ அதற்கு மேல் ப்ராக்ஸி வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் கூட்டம் அதற்குப் பிறகு ரொம்பவே மாறியது.

என்னை உறுத்துவது வேறு. பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை. என் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஜைரோ வழியாக, அதாவது வங்கியிலிருந்து தானாகவே, போக வேண்டிய பணம் வங்கிக் கணக்கு மாற்றியதில் போகவில்லை, அவருக்கே தெரியாது. கூட்டத்து வாசலில் வளாகத்தை நிர்வகிக்கும் ஏஜென்ட் ஓட்டுச் சீட்டைத் தராமல், "கேட்கலாம், ஓட்டுப் போட முடியாது" என்று சொன்னார். அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. ஆன்ட்டி அங்கேயே காசோலை எழுதுகிறேன் என்று பையைத் திறந்தார். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே கட்டியிருக்க வேண்டுமாம். கவுன்சிலுக்குள் போனதும் நான் முதலில் கேட்டது, பாக்கி இருப்பவர்களுக்குக் கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கடிதம் போட வேண்டும் என்பதைத்தான். இப்போது போடுகிறோம்.

வேளச்சேரி வாடகை வீடு

குறுக்கே வருகிறேன். மெயின்டெனன்ஸ் மாதாமாதம் கட்டுவது நான். மிக்ஜாம் புயலில் தரைத்தளத்தில் தண்ணீர் வந்தபோது ஜெனரேட்டருக்கு டீசல் தூக்கியது நான். கமிட்டிக்கு நிற்கலாமா என்று கேட்டதற்கு "டெனன்ட் எல்லாம் கேக்கக் கூடாது" என்று வாட்ஸ்அப் குரூப்பிலேயே பதில் போட்டார்கள், கீழே பத்து கட்டைவிரல். வழி இருக்கிறதா?

சரவணம்பட்டி

உறுப்பினராக உரிமையாளர்தான் இருக்க முடியும். எங்கள் வளாகத்தில் உப குழுக்களில், தண்ணீர், பாதுகாப்பு, விழா என்று, வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கிறார்கள், பைலாவில் சேர்த்தது என் மனைவி. உங்கள் வீட்டுக்காரரிடம் பேசி, கூட்டத்துக்கு அவர் சார்பில் போகக் கடிதம் வாங்க முடியுமா பாருங்கள். அந்தக் கட்டைவிரல்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

துரைப்பாக்கம் பி பிளாக்

எல்லோருக்கும் நன்றி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் சங்கம் கொடுத்த பைலா நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். சிங்கப்பூர்க்காரர் சொன்ன மாதிரி ஒருவருக்கு இரண்டு ப்ராக்ஸிதான், தாளில் யார் பெயரும் அச்சடிக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவர எண்ணம். பைலாவை மாற்ற முக்கால்வாசி ஓட்டு வேண்டும், தெரியும். மாமி தன் மகனிடம் பேசிவிட்டார், திருத்தத்துக்கு முதல் கையெழுத்து அந்த மகனுடையது. யாராவது இப்படித் திருத்தம் நிறைவேற்றியிருந்தால் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை இங்கே போடுங்கள்.